கேட்லாக்கில் இல்லாத பிள்ளை

ஜூன் ஒன்றாம் தேதி நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் கூத்தை வெளியாள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். காலை ஆறு மணிக்கே கேக் படங்கள் வந்து விழும். குரூப்பில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் பிறந்த நாள். ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி, வாழ்த்துக்கு நன்றி சொல்லி, மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிடும். இத்தனை பேர் ஒரே நாளில் எப்படிப் பிறந்தோம் என்பது நமக்குத் தெரியும். பிறந்த தேதி தெரியாத பிள்ளையைச் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்தில் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். ஊரில் கோயில் கொடை முடிந்த எட்டாம் நாள், பெருமழை பெய்த வருஷம் என்று நம் அம்மாக்கள் சொன்னதை முனிசிபாலிட்டி பாரத்தில் எப்படி எழுதுவது? எனக்கும் ஜூன் ஒன்றுதான்.

இந்த வருஷம் கேக் படங்களுக்கு நடுவில் நம் பழைய மானிட்டர் ஒரு போட்டோ போட்டான். தாராவியில் நாம் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கேட்லாக்கிலிருந்து ஒரு பக்கம். நம் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன், வருகைப் பதிவேட்டுக்குப் பம்பாய்ப் பள்ளிக்கூடங்களில் கேட்லாக் என்றுதான் பெயர். தமிழ்ப் பிரிவில் இப்போது மிச்சமிருக்கும் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாமாம். வேறு பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. அலமாரியை ஒழித்தபோது நம் நாலாம் வகுப்புக் கேட்லாக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே ஜூனில் சிவப்புக் கோடுகள், ஜூலையில் நீலம், ஆகஸ்டில் மறுபடி சிவப்பு. அதைப் பார்த்ததும் நீங்கள் எல்லோரும் எழுத ஆரம்பித்தீர்கள். இவள் எங்கே இருக்கிறாள், என்ன அழகாகத் தமிழ் படிப்பாள், டீச்சரின் செல்லம் அல்லவா என்று ஒன்றன்பின் ஒன்றாக இருபது மெசேஜ். அந்தப் பெயர் அவளுடையது இல்லை. அவள் தன் சொந்தப் பெயரைச் சொன்ன நாளில் நீங்கள் எல்லோரும் அதே அறையில்தான் இருந்தீர்கள். ஐம்பது வருஷத்தில் உங்களுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. நான் ஒரு கைகூப்பும் படத்தை மட்டும் போட்டுவிட்டு போனை மூடி வைத்தேன்.

டீச்சரின் செல்லமாம். அவள் வருவதற்கு முன்னால் அது யார் என்று ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நம் வகுப்பில் யார் யார் இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், இட்லிப் பாத்திரம் தூக்கி விற்றவர்களின் பிள்ளைகள், பலசரக்குக் கடைக்காரர் மகள் ஒருத்தி, மசூதிக்குப் பின்னாலிருந்து வரும் பாய் வீட்டுப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். பையன்கள் கொஞ்சம், பெண் பிள்ளைகளே அதிகம். ஏன் அப்படி என்று அப்போது நான் யோசித்ததில்லை. வீட்டில் ஒரு பையன் இருந்தால் அவனைக் கஷ்டப்பட்டு இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள். பெண்ணை முனிசிபாலிட்டி ஸ்கூலில் போட்டார்கள். என் வீட்டிலும் அதேதான். தம்பிக்கு ஷூவும், எலாஸ்டிக் வைத்த சிவப்புக் கோடு போட்ட டையும் உண்டு. அந்த டை எங்கள் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஒருநாள் அதை என் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். அம்மா கழற்றி, கசங்கிவிடும் என்று கையால் நீவி மறுபடி ஆணியில் மாட்டினாள். பெண் பிள்ளைக்கு லெட்டர் எழுதத் தெரிந்தால் போதும் என்பது அப்பாவின் கட்சி. நல்ல மனிதர்தான். அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

தம்பிக்கு டை இருந்தது. எனக்கு டீச்சர் இருந்தார்.

மாதுங்காவிலிருந்து வருவார். கைத்தறிப் புடவை, இடுப்பில் செருகிய கைக்குட்டை, கறுப்புக் குடை. வகுப்புக்குள் வந்ததும் குடையை விரித்தபடி மூலையில் காய வைப்பார். ஈர யூனிஃபார்ம் நாற்றத்துக்கும், வெளியே எந்நேரமும் மிதக்கும் பதப்படுத்திய தோலின் வாடைக்கும் நடுவில் அவர் நடந்து போனால் சந்தனப் பவுடர் வாசனை வரும். என்னைக் கண்ணு என்று கூப்பிடுவார். வீட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தினமும் காலையில் ஆபீஸ் அறையிலிருந்து கேட்லாக்கை எடுத்து வருவது என் வேலை. ஆபீசுக்கும் வகுப்புக்கும் நடுவில் திறந்த முற்றம். மழையில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்குப் பிடிக்காமல் கேட்லாக்குக்குச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருவேன். நான் தொப்பலாக நனைந்திருப்பேன், கேட்லாக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்திருக்காது. டீச்சர் அதை வாங்கி, தன் பென்சிலை எடுப்பார். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. வந்தவர்களுக்கு நீலக் கோடு, வராதவர்களுக்குச் சிவப்பு. அந்தப் பென்சிலைச் சீவித் தருவதும் நான்தான்.

அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து தலைகளை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். இருக்க வேண்டிய கணக்குக்கு மூன்று பேர் குறைந்தார்கள். மே மாதம் ஊருக்குப் போன குடும்பங்கள் சில திரும்பவே இல்லை. சிலர் பெண்களையும் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிட்டார்கள். பீட் ஆபீசர் என்று கார்ப்பரேஷனிலிருந்து ஒருவர் வந்து எண்ணுவார், அன்றைக்குத் தலை குறைந்தால் நாலாம் வகுப்பை எடுத்துவிட்டு, பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்றார். அவர் போனதும் டீச்சர் சிரித்துக்கொண்டேதான் நம்மிடம் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு குழந்தையைக் கூட்டிண்டு வாங்கோ. இல்லேன்னா என்னை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவா."

நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் ஆள் பிடித்ததை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது. மழையில் சந்து சந்தாகப் போனோம். கூடவே டீச்சரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கடைப் பலகைகள் மேல் தாண்டித் தாண்டி வருவார். வாசலில் நின்று, பால் இலவசம், புத்தகம் இலவசம், யூனிஃபார்ம் இலவசம் என்று சொல்வார். நாம் பின்பாட்டுப் பாடுவோம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு வீட்டில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். இன்னொரு வீட்டில், டை கட்டுகிற ஸ்கூல் என்றால் அனுப்புகிறேன் என்பார்கள். எப்படியோ இரண்டு பேர் கிடைத்தார்கள். இன்னும் ஒரு தலை வேண்டும்.

அந்த ஒரு தலையை நான்தான் கொண்டுவந்தேன். இதை நீங்கள் யாரும் குரூப்பில் எழுதவில்லை.

குழாயடியில் பார்த்தேன். எங்கள் வரிசை வீட்டுச் சாலுக்குப் பின்சந்தில் புதிதாக வந்த குடும்பம். அப்பாவுக்குப் பை தைக்கிற பட்டறையில் வேலை. அவள் குடங்களுக்குக் காவலாக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை. என் வயசுதான் இருக்கும்.

"ஏட்டி, நீ பள்ளிக்கூடம் போகலையா?"

"அப்பா சேக்குதேன்னு சொல்லியிருக்காவ. ஊர்லேர்ந்து காயிதம் வரணும்லா."

காயிதம் பிறகு வரட்டும், எங்கள் டீச்சர் நல்லவர் என்று சொல்லி மறுநாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் என் கன்னத்தைத் தட்டி, என் கண்ணு என் மானத்தைக் காப்பாத்திட்டா என்றார். அன்று முழுக்க அந்தக் கன்னத்தை நான் கழுவவில்லை. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்பது தெரிய இரண்டு வாரம் ஆயிற்று.

காகிதம்தான் சிக்கல். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட் இல்லாமல் கேட்லாக்கில் பெயர் ஏற்ற முடியாது. லெட்டர் போட்டிருந்தார்கள், பதில் வரவில்லை. ஆபீசர் எப்போது வேண்டுமானாலும் வருவார். அப்போது ஹெட்மாஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மோடு மூன்றாம் வகுப்பு வரை படித்து, ஊருக்குப் போய்த் திரும்பாத ஒருத்தியின் பெயர் கேட்லாக்கில் அடிக்கப்படாமல் இருந்தது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறது, காகிதம் இல்லை. காகிதம் வருகிறவரை புதுப்பிள்ளை அந்தப் பெயருக்கு எழுந்து நிற்கட்டும் என்று முடிவாயிற்று. டீச்சருக்கு முழு மனசில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. புதுப்பிள்ளையின் அப்பா, எந்தப் பேராயிருந்தா என்ன, பிள்ளை படிச்சாப் போதும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அவ மறந்துட்டா நீ முட்டியால ஒரு இடி இடி. அப்புறம் அவளே எழுந்துப்பா."

தரையில் நீளமான கோணிப் பட்டி விரித்து, சம்மணம் போட்டு முட்டியோடு முட்டி உரச உட்கார்ந்திருந்தோம் அல்லவா, அதனால் வேலை சுலபம். ஊருக்குப் போனவளின் பெயரை டீச்சர் கூப்பிடுவார். புதுப்பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இடிப்பேன். அவள் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பாள். ஒருநாள்கூட என் இடி இல்லாமல் அவள் எழுந்ததில்லை. முதல் வாரம் எனக்கு அதில் பெருமையாக இருந்தது. அவள் நான் ஆட்டினால் ஆடும் பொம்மை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் பாடம் படித்தாள்.

நம் தமிழ் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் இந்தி, வீட்டில் ஊர்ப் பேச்சு, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டி நொண்டுவோம். நான் கொஞ்சம் பரவாயில்லை, அதனால் டீச்சர் என்னைத்தான் படிக்கச் சொல்வார். அன்று அவளைச் சொன்னார். அவள் எழுந்து நின்று இரண்டு பக்கத்தையும் மூச்சு வாங்காமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பால் பாட்டில் வருமே, அதன் வெள்ளித்தாள் மூடி ஞாபகம் இருக்கிறதா? நகத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி நோட்டில் ஒட்டுவோம். டீச்சருக்கும் ஒரு பாட்டில் உண்டு. அவர் தன் மூடியைக் கசக்காமல் எடுத்து எனக்குத் தருவார். என் நோட்டில் அதற்கென்றே தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன். ஒருநாள் அந்த மூடியைப் புதுப்பிள்ளையிடம் கொடுத்தார். அவளுக்கு அதன் மதிப்புத் தெரியாது. இந்தா, நீ வச்சுக்கிடு, எனக்கு எதுக்கு என்று என் பக்கம் நீட்டினாள். அவள் தராமல் இருந்திருந்தால் அவ்வளவு கசந்திருக்காது. வாங்கி, கையிலேயே உருட்டிக் கசக்கி, ஜன்னல் வழியாக எறிந்தேன்.

வீட்டிலும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் அம்மா அவள் பரட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, மடியில் உட்கார்த்தி எண்ணெய் தேய்த்துப் பின்னி, என் பச்சை ரிப்பனை எடுத்துக் கட்டிவிட்டாள். எவ்வளவு பதவிசா இருக்கு இந்தப் பிள்ளை, இவகூடச் சேந்து படி என்று எனக்குப் புத்தி சொன்னாள். தம்பிக்கு டை, இவளுக்கு ரிப்பன். அம்மாவின் கை என் தலையில் அவ்வளவு நேரம் இருந்த ஒரு நாளை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூலை கடைசியில் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் படுத்துவிட்டுப் போனால், அவள் முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறாள், நெஞ்சில் கேட்லாக். என் பிளாஸ்டிக் ஷீட் மாதிரியே ஒன்று சுற்றியிருந்தாள். நான் வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளேயிருந்து டீச்சர் பார்த்துவிட்டார்.

"அவளே எடுத்துண்டு வரட்டும் கண்ணு. நீ மழையில நனைஞ்சுதானே ஜுரம் வந்தது?"

என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். இன்று எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது, உன் வேலை போய்விட்டது என்பதுதான். வயிறு எரிந்தது. அப்படியே சொல்கிறேன், அலங்காரம் ஒன்றும் வேண்டாம். வயிறு எரிந்தது. அவள் காகிதம் ஒருநாளும் வரக்கூடாது என்று சாமியை வேண்டினேன். அது வராமல் இருந்தால் அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று ஒரு கணக்கு.

ஆகஸ்டில் ஆபீசர் வந்தார். உயரமான மனிதர், நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. அதனால் ஹெட்மாஸ்டர் பெயர்களைப் படிப்பது, பெயர் வந்த பிள்ளை எழுந்து உள்ளேன் சொல்லி எதிர்ச்சுவர் பக்கம் போய் நிற்பது, ஆபீசர் எண்ணிக்கொள்வது என்று ஏற்பாடு. டீச்சர் கரும்பலகை ஓரமாக நின்றார். கையில் அந்தப் பென்சில். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், குளிர்ந்த நாள்தான் அது. என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு முறை புதுப்பிள்ளையைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பையன்கள் பெயர் முதலில் முடிந்தது. பிறகு பெண் பிள்ளைகள். பட்டி காலியாகிக்கொண்டே வந்தது. ஊருக்குப் போனவளின் பெயருக்கு இரண்டு பெயர் தள்ளித்தான் என் பெயர், அதனால் அந்த நேரத்தில் நானும் அவளும் பட்டியில்தான் இருந்தோம். அவள் முட்டி என் முட்டியில் பட்டுக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

அவள் எழவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். என் முட்டியை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும். டீச்சர் என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தேன். அது நான் சீவியது இல்லை, முனை வேறு மாதிரி இருந்தது. என் முட்டி நகரவில்லை. நகர்த்தக்கூடாது என்று நான் தீர்மானித்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆனால் நகர்த்தலாம் என்று தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தேன்.

மூன்றாம் முறை ஹெட்மாஸ்டர் கூப்பிடவில்லை. அடுத்த பெயருக்குப் போனார். என் பெயர் வந்தது, எழுந்து உள்ளேன் சொல்லிச் சுவர்ப் பக்கம் போனேன். கடைசியில் நாம் எல்லோரும் சுவரோரம், நடுவில் நீளமான பட்டியில் அவள் ஒருத்தி மட்டும்.

ஆபீசர் குனிந்து, "தேரா நாம் க்யா ஹை, பேட்டி?" என்று இந்தியில் பெயர் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். தன் சொந்தப் பெயரை, அப்பா பெயரோடு, பாடம் படிப்பது போலவே தெளிவாகச் சொன்னாள். ஆபீசர் கேட்லாக்கில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். பிறகு கீழிருந்து மேலே. அந்தப் பெயர் எங்கும் இல்லை. அவர் கோபப்படவில்லை. டீச்சரிடம் கையை நீட்டிப் பென்சிலை வாங்கி, திருப்பிச் சிவப்புப் பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தலை குறைந்தது, மீதி உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரமே நம்மை வரிசையாக மெயின் ரோட்டைத் தாண்டி அந்தப் பெரிய பள்ளிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். டீச்சருக்கு வடக்கே எங்கேயோ மாற்றல். எந்தப் பள்ளி என்றுகூட நமக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி நாளில் நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டீச்சர் பக்கத்தில் வந்து என் முட்டியைத் தொட்டார்.

"நீ இடிச்சிருப்பே. அவதான் பயந்து போயிருப்பா. உன் மேல தப்பில்லே கண்ணு, தப்பு எங்க மேலதான்."

சொல்லிவிட்டு அந்த நீலச் சிவப்புப் பென்சிலை என் கையில் வைத்து மூடினார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது. பென்சிலை நான் பிறகு சீவவே இல்லை. கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தபோதும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அங்கே திலக் நகரில் எங்கள் பழைய கட்டிடத்தை இடித்துக் கட்டியபோது வாடகை வீட்டுக்குக் கொஞ்ச நாள் மாறினோமே, அப்போது தொலைந்தது.

புதுப்பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தாணேயில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அவள் படிப்பு என்னால்தான் நின்றது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் எங்கேயோ பப்படம் தேய்க்கிறாள், பித்தளைக் கடையில் பாலிஷ் போடுகிறாள் என்று மனதுக்குள் பார்ப்பேன். என் மகளைப் பள்ளியில் சேர்த்த நாளில்கூட அவள் ஞாபகம்தான் வந்தது. இங்கிலீஷ் மீடியம், டை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பிறந்த நாளும் மகளுக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது. இந்த ஐம்பது வருஷத்தில் யாருக்கும் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டிருந்த ஒரே விஷயம், அன்று நான் இடிக்காததுதான்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? தேடிப் பிடித்தே விட்டீர்கள். நம்மில் ஒருத்தியின் சம்பந்தி, நவி மும்பை நெருளில் அவள் இருக்கும் அதே பில்டிங்காம். போன மாதம் குரூப்பில் சேர்த்தீர்கள். அவள் தன் சொந்தப் பெயரோடு வந்து வணக்கம் போட்டாள். எத்தனை இதயம், எத்தனை பூ. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவளாம், பென்ஷன் வருகிறதாம், பால்கனியிலிருந்து பார்த்தால் மலை தெரியுமாம். அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு பத்து நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த பால்கனி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே எனக்கு போன் செய்தாள். குரல் அதே குரல். ரயில்வே இத்தனை வருஷம் தேய்த்தும் ஊர்ப் பேச்சு போகவில்லை. அவள் அப்பா, என் அம்மா, பச்சை ரிப்பன் என்று பேசிக்கொண்டே போனாள். சர்டிபிகேட் மூன்று மாதத்தில் வந்துவிட்டதாம், தாணேயில் சேர்ந்து படித்திருக்கிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது இன்று சொல்லிவிடுவது என்று, அந்த ஆபீசர் வந்த நாளில் என்று ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அத நானே சொல்லணும்னு இருந்தேன். முந்தின நாளு ஹெட்மாஸ்டர் எங்கப்பாட்ட சொன்னாவ, இனிமே காயிதம் வந்தாலும் மாத்த முடியாது, சர்டிபிகேட்டும் இந்தப் பேர்லதான் கிடைக்கும்னு. அப்பா சரின்னுட்டாவ. எனக்கு மனசே இல்லட்டி. கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு. எந்திரிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்குப் பயமெல்லாம் உன்ன நெனச்சுத்தான். நீ இடிச்சேன்னா பழக்கத்துல எந்திரிச்சிருவேனோன்னு. நீ இடிக்கல. டீச்சரு பாத்துக்கிட்டே நிக்காவ, அப்பவும் நீ இடிக்கல. எம் மனசு தெரிஞ்சவ அந்த ஸ்கூல்ல நீ ஒருத்திதான்னு என் பிள்ளைகள்ட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். வாசல்ல என் பேருதான் போட்டிருக்கேன், வந்து பாரு."

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு சமையலறையில் போய் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலையை எடுத்துக்கொண்டாள், மூடியை எடுத்துக்கொண்டாள், அம்மாவின் மடியை எடுத்துக்கொண்டாள், உங்கள் ஞாபகத்தில் எனக்குரிய இடத்தையும் எடுத்துக்கொண்டாள். ஐம்பது வருஷம் நான் சுமந்த குற்றம் ஒன்றாவது என்னுடையது என்று இருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டு, கைக்கு ஒரு நல்ல பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அன்று பால் மூடியை நீட்டியது போலவே.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் இதயம் போட்டுவிடுவீர்கள். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடுகிற அன்று அவளும் வருவாள். எம் மனசு தெரிஞ்சவ என்று உங்கள் முன்னால் என்னைக் கட்டிப்பிடிப்பாள். அதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் மனசு எனக்குத் தெரியாது. அவள் மனசை நினைத்து என் முட்டி சும்மா இருக்கவில்லை. அவள் இல்லாமல் போக வேண்டும், டீச்சர் மறுபடி எனக்கு மட்டும் டீச்சராக இருக்க வேண்டும், அதற்காகத்தான் சும்மா இருந்தது. நம் வகுப்பு போனதில் அவளுக்கு என்ன பங்கோ, எனக்கும் பங்கு உண்டு. என் பிறந்த நாளைத்தான் யாரோ எழுதினார்கள். இதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.